மட்டி ஓட்டின் சத்தம்

டக், டக், டக். சற்று இடைவெளி. மறுபடியும் டக், டக், டக்.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த புனிதத்தின் கை நின்றது. விறாந்தையில் அவளுடைய மகள் ஸ்ரெல்லா மட்டி ஓட்டால் தகரப்பேணியைத் தட்டத் தொடங்கிவிட்டாள். பதினாறு வயது. நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி தட்டுவாள், கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். நாயாற்றுக் கடற்கரையில் அன்று காற்றில்லை, கரையில் ஒரு காகம்கூடக் கரையவில்லை. புனிதம் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கடலில் நேவிப் படகு உறுமியது. முதல் ஷெல் தூரத்துப் பனங்கூடலுக்குள் விழுந்து வெடித்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் இது மூன்றாவது தடவை. போன மாதம் இப்படித் தட்டிய பிறகு விழுந்த ஷெல்லில்தான் பக்கத்து வீட்டுக் கலிஸ்ராவின் புருஷன் வின்சன் செத்தான். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? சாவைக் கூப்பிடுகிற பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பின்னேரம் கலிஸ்ரா வந்தாள். விரல்கள் செபமாலையை உருட்டியபடி இருந்தன.

"புனிதமக்கா, நான் சண்டைக்கு வரேல்லை. அவளின்ர கையைக் கட்டுங்கோ. இன்னொரு செத்தவீடு வேண்டாம்."

"அவள் ஒண்டும் அறியாதவளடி."

"வின்சனும் ஆருக்கும் ஒரு பாவமும் செய்யேல்லை, அக்கா."

 உண்மையைச் சொன்னால் புனிதத்துக்கும் பயம்தான். பெற்றவளே பிள்ளைக்குப் பயந்தாள், அதுதான் கொடுமை. மறுநாள் காலை வலைநூலால் மகளின் கைகளைச் சேர்த்துக் கட்டினாள். பேணியையும் ஓட்டையும் றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஸ்ரெல்லா அழவில்லை. கட்டிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி போல இரு பெண்களும் வளவில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் இருந்து அது வந்தது. டக், டக், டக்.

கலிஸ்ராவின் முகம் வெளிறியது. "கட்டினனீங்கள்தானே?"

"கட்டினனான்."

"அப்ப ஆர் தட்டுறது?"

சத்தம் முன்னைப்போல் கணீரென்று இல்லை. கனமாக, ஈரமாக இருந்தது. பூட்டிய பெட்டிக்குள் இருந்து வின்சன் தட்டுகிறான் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நிமிடம் இருவரும் நம்பியிருப்பார்கள்.

புனிதம் கதவைத் தள்ளினாள். மகளின் கைகள் கட்டியபடியே இருந்தன. ஸ்ரெல்லா நெற்றியைக் கதவு நிலையில் மோதிக்கொண்டிருந்தாள். மூன்று முறை, இடைவெளி, மூன்று முறை. நிலையில் இரத்தம் வழிந்தது.

மீன் கத்தியால் புனிதம் நூலை அறுத்தாள். அப்போதுதான் கடலில் நேவிப் படகின் உறுமல் அவர்களுடைய காதில் விழுந்தது.

"பங்கருக்கு வாங்கோ, அக்கா," என்று கலிஸ்ரா இழுத்தாள். புனிதம் போகவில்லை. பெட்டியைத் திறந்து, பேணியையும் ஓட்டையும் மகளிடம் கொடுத்த பிறகே அவளையும் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் ஷெல் விழ விழ மண் உதிர்ந்தது. ஸ்ரெல்லா தட்டத் தட்ட அவளுடைய தோள் தளர்ந்தது, மூச்சு சீரானது. மூலையில் கலிஸ்ராவின் விரல்கள் செபமாலையை உருட்டின. செபம் சொல்லி உதடு அசையவில்லை.

"பேணியையும் ஓட்டையும் பூட்டிவைச்சும் ஷெல் வந்ததடி," என்றாள் புனிதம். "அவள் தட்டி அது வரேல்லை. அந்த இரைச்சல் எங்களுக்கு முதல் அவளுக்குக் கேக்குது. தாங்கேலாமல் தட்டுறாள். வின்சன் போன நாளில இருந்து உன்ர விரல் அந்த மணியை விட்டதில்லை. அதை ஆராவது பறிச்சுப்போட்டுக் கையைக் கட்டினா நீ என்ன செய்வாய்?"

கலிஸ்ரா தன் விரல்களைப் பார்த்தாள். 

"நானும் எங்கையாவது தலையை மோதியிருப்பன், அக்கா."

கலிஸ்ரா தன் சீலைத் தலைப்பைக் கிழித்துப் பிள்ளையின் நெற்றிக் காயத்தில் ஒற்றப் போனாள். ஸ்ரெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலிஸ்ரா வற்புறுத்தாமல் துணியைத் தாயிடம் கொடுத்தாள்.

"இது பேயுமில்லை, சாபமுமில்லை," என்றாள் புனிதம். "பிள்ளை தன்னைத் தானே தேற்றுற வழி. பயத்தைத்தான் போக்க வேணும். ஆறுதலைக் கட்டிப்போடக் கூடாது. பெத்த நானே அதைச் செய்திட்டன்."

வெளியே ஷெல் ஓய்ந்து வெகுநேரமாயிற்று. ஸ்ரெல்லா தானாகத் தட்டலை நிறுத்தும்வரை இரண்டு பெண்களும் அவளருகே உட்கார்ந்திருந்தார்கள்.