பிரளயம் மலிந்த கதை

யுகம் முடிந்து மூவுலகும் கரைந்துபோவதற்குப் பெயர் பிரளயம். கோவில் பிரசங்கத்தில் பாகவதர் அந்த வார்த்தையை எடுத்தால் மயிலாப்பூரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதை மேடையிலிருந்து இறக்கித் தெருவில் விட்ட புண்ணியவான் நம்ம சுப்புராயன்.

மயிலாப்பூரில் ஒரு சின்னத் தினசரிக்குத் தலைப்புப் போடுவது அவர் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஓர் ஐப்பசி மழையில் தெப்பக்குளத்துப் படி ஒன்று முழுகியது. ‘மயிலையில் பிரளயம்’ என்று போட்டார். பத்திரிகை பறந்தது, கடல் மீன்கள்கூட ஆளுக்கொரு பிரதி வாங்கியதாகக் கேள்வி. அப்புறம் கேட்பானேன்? ஆழ்வார்பேட்டையில் சாக்கடை அடைத்தால் பிரளயம். கூவம் சிந்தாதிரிப்பேட்டைக்குள் எட்டிப் பார்த்தால் மகா பிரளயம். ஜனங்களும் கற்றுக்கொண்டார்கள்: முழங்கால் தண்ணீருக்குப் பிரளயம் என்று பேர்.

அச்சுக் கோக்கும் கபாலி சும்மா இருப்பானா? “அடிச்சு அடிச்சு எழுத்தே மொண்ணையாப் பூட்ச்சு சார். ‘ள’வுக்கு வாலே இல்ல” என்பான்.

முப்பத்தைந்தாம் வருஷம் ஜூன் தொடக்கத்தில், வடக்கே எல்லைப்புறத்துக் குவெட்டாவில் பூமி அதிர்ந்து நகரமே மண்ணோடு மண்ணானதாகத் தந்தி வந்தது. சுப்புராயன் அதை இரண்டு தரம் படித்தார். கை பழகிய வார்த்தையைத்தான் எழுதியது: ‘குவெட்டாவில் பிரளயம்.’

மறுநாள் காலை அவருடைய எதிர்வீட்டு ஜமீலுன்னிசா ஆபீசுக்கு வந்தாள். தொப்பி தைத்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளை இனாயத், குவெட்டாவில் ஒரு தையல் கடையில் பட்டாளத்துத் துரைமாருக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. யாரோ தலைப்பை மட்டும் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முகத்தில் பெரிய கவலை இல்லை. இனாயத் குடியிருப்பது மாடியில், தண்ணீர் அதுவரை ஏறாது. கடையில் துரைமார் துணி நனைந்திருந்தால் முதலாளி வைவாரே என்பதுதான் அவள் விசாரம்.

சுப்புராயன் வேறு வார்த்தை தேடினார். சர்வநாசம்? அது மாம்பலத்து மாம்பூவில் விழுந்த பூச்சிக்குப் போய்விட்டது. நிர்மூலம்? அடையாறில் தோற்ற கிரிக்கெட் கோஷ்டிக்கு. உலக்கை உலக்கையாக இருந்த வார்த்தைகளையெல்லாம் பல்குத்தும் குச்சியாகச் சீவி வைத்திருந்தார் மனுஷன். கடைசியில் சின்னச் சொல்லாகவே சொன்னார்.

“தண்ணி இல்ல பீபிம்மா. பூமி ஆடிச்சு. வீடெல்லாம் விழுந்துபோச்சு.”

“எந்த வூடு?”

“எல்லா வீடும்.”

“மாடி?”

“மாடியும்தான்.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, கீரைக்காரியிடம் பேரம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்:

“நீ எப்பவும் கூட்டித்தானே சொல்லுவே, நைனா? ஊரே முக்காவாசியத் தள்ளிட்டுத்தான் கேட்டுக்கினு கீது. தள்ளிட்டுச் சொல்லு.”

உண்மையில் அவர் பாதியைத்தான் சொல்லியிருந்தார். குவெட்டாவைச் சுற்றிப் பட்டாளம் நிற்பதையும், உள்ளே யாரையும் விடவில்லை என்பதையும், இடிபாட்டுக்கு அடியில் இனி உயிர் இருக்காது என்று பேசிக்கொள்வதையும் சொல்லவே இல்லை.

“சொல்லு, நைனா.”

“கொஞ்சம் வீடு,” என்றார் சுப்புராயன். வாழ்நாளில் அவர் எதையாவது குறைத்துச் சொன்னது அன்றுதான்.

“அதானே,” என்றாள் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தைக்க உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் தபால்காரர் வருகிற நேரமெல்லாம் ஜமீலுன்னிசா வாசலில் நின்றாள். சுப்புராயன் பின்சந்து வழியாகத்தான் ஆபீசுக்குப் போய்வந்தார்.