பெட்டியில் வந்த எஞ்சின்

மரப்பெட்டியின் மூடியைக் கழற்றியபோது விக்னராஜாவுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். உள்ளே பிளாஸ்ரிக் உறை, உறைக்குள் ஒரு எஞ்சின். அழுக்கில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை, ஒருவனும் கைவைத்த அடையாளமில்லை. யாழ்ப்பாணத்தில் பாதி ஆயுள் வாடகைக் கார் ஓடிய மனுசன் அவர். அவர் கண்ட எஞ்சின்கள் எல்லாம் யப்பான்காரன் ஓடிக் கழித்துக் கப்பலில் ஏற்றியவை. கறுத்துப்போய், கிறீஸ் வடிந்து, இன்னொருத்தனின் குறைகளோடு வந்து இறங்கும். அவற்றை நம்பலாம். என்ன வருத்தம் என்று கிட்டப்போய் மணந்தாலே தெரிந்துவிடும். இது என்ன மணக்கிறது? புதுச் சப்பாத்து மணம்.

"இது ஓடுமெண்டு ஆர் சொன்னது?"

"ஓடாமல், பின்னைச் சாமித்தட்டிலை வைச்சுக் கும்பிடவோ செய்தவங்கள்?" என்றாள் மனைவி ஞானம்பிகை. வேலைக்குப் போகிற வழியில் பெட்டியைப் பார்க்க வந்தவள். "நீங்கள் ஒண்டையும் நம்பாதேங்கோ. என்னையும் நம்பாதேங்கோ."

"உம்மை ஆர் நம்பினது?"

அவள் சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், அவர்கள் குடியிருந்த மாடிக்கு நேர் கீழே நூன்சியோவின் கராஜ் இருந்தது. நூன்சியோ அந்த ஊர்க்காரன். நல்ல வேலைகாரன், அதைவிட நல்ல வாய்க்காரன். விக்னராஜா அங்கே கூட்டித் துடைத்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, தேவைப்பட்ட இடத்தில் கையும் வைப்பார். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை கிடையாது. எஞ்சினுக்குப் பாஷை வேண்டாம். மிச்சத்துக்குக் கை இருக்கிறது.

கராஜின் நடுவில் பொனட்டைத் திறந்தபடி நின்றது அகாத்தா அம்மாவின், அவர்கள் பாஷையில் சிஞ்ஞோரா அகாத்தாவின், கார். அறுபதுகளில் செய்த சிவப்பு அல்ஃபா. இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரையை மடித்துப் பின்னால் தள்ளுகிற சாதி. சிஞ்ஞோரா லிபெர்த்தாத் தெருவில் மருந்துக்கடை நடத்தியவள். கலியாணம் கட்ட முன்னம் தன் உழைப்பில் வாங்கிய கார் அது. கட்டியபின் ஏனோ ஓடாமல் விட்டு, வருசக்கணக்காக மூடிக் கிடந்து, எஞ்சின் துருவேறி இறுகிப் போயிற்று. அந்தச் சிஞ்ஞோராவைத்தான் ஞானம்பிகை ஆறு வருசமாகப் பார்த்து வருகிறாள். குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது, சண்டை பிடிப்பது எல்லாம் அவள்தான். இரண்டு பேரும் இத்தாலியனில் ஏதோ கதைத்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விக்னராஜாவுக்கு அதுவும் பிடிக்காது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவர் முடிவு. பாதி சரியாகவும் இருக்கலாம்.

இப்போது, வடக்கே ரூறினில் இருக்கிற சிஞ்ஞோராவின் மகன் வந்து தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறான். வீடு பூட்டப்படும். கிழவி சம்மதித்தாள், ஒரேயொரு பிடிவாதத்தோடு. போக முன்னம் இந்தக் காரைத் தன் கையால் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு ஓட்டிப்போய், வள்ளங்களுக்குப் பக்கத்தில் இருந்து மத்தியானம் சாப்பிட வேண்டும். "ஓட்டுவியள் சிஞ்ஞோரா, நான் பக்கத்திலை இருப்பன்" என்று ஞானம்பிகை வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் வாக்குக் கொடுத்தால் வேலை விக்னராஜாவுக்கு. சிஞ்ஞோராவின் காசில் புது எஞ்சின் வந்து இறங்கியது.

நூன்சியோவுக்கு முதலில் மனம் வரவில்லை. இப்படிப்பட்ட காருக்குள் இன்றைய எஞ்சினை வைப்பது மாதா சிலைக்கு வேறு தலை வைப்பதுபோல என்று நெஞ்சில் அடித்துச் சொன்னான். ஞானம்பிகை அதைத் தமிழில் சொன்னபோது விக்னராஜா வாய்விட்டுச் சிரித்தார்.

"அவனுக்குச் சொல்லும். எங்கடை ஊரிலை பிறந்த எஞ்சினோடை செத்த கார் ஒண்டும் இல்லை. என்ரை ஒஸ்ரினுக்கு எஞ்சின் யப்பான் வானிலையிருந்து, கியர்பொக்ஸ் லொறியிலையிருந்து, றேடியேற்றர் ஆரோ ஒருத்தன்ரை உழவு மெசினிலையிருந்து. அதிலை எத்தினை பொம்பிளை மாப்பிளையை ஏத்தியிருப்பன். தலை மாறிப்போச்செண்டு ஒருத்தரும் இறங்கிப் போகேல்லை."

ஞானம்பிகை அதை இத்தாலியனில் சொல்ல, நூன்சியோ முழுக்கக் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பழைய எஞ்சினின் நட்டுகளை இளக்கத் தொடங்கினான்.

புது எஞ்சின் உயரம் கூட. கீழே இறக்கினால் எண்ணெய்த்தொட்டி குறுக்கு இரும்பில் இடித்தது. உயர்த்தினால் பொனட் மூடவில்லை. எஞ்சினைத் தாங்குகிற இரும்புகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். விக்னராஜா பாஸ்தாப் பெட்டி மட்டையை வெட்டி வைத்து அளவு எடுத்தார். நூன்சியோ அளவுகோலால் எடுத்தான். இரண்டும் பிழை. அவன் தன் பாஷையில் ஏசினான், இவர் தன் பாஷையில் ஏசினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து எடுத்த அளவு சரிவந்தது. கார்பரேற்றரைத் தேடினால் அது இல்லை. அதற்குப் பதிலாக வயர்க்கொத்தோடு கையளவு பெட்டி ஒன்று. நூன்சியோ நெற்றியைத் தட்டி, அதுதான் மூளை என்று காட்டினான். எஞ்சினுக்கு மூளை எதற்கு? சாரதிக்கு இருந்தால் காணாதா?

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்ராட் பண்ணினார்கள். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, புகை இல்லை. விக்னராஜா காதைக் கிட்டக் கொடுத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லாததே அவருக்குப் பெரிய குறையாக இருந்தது.

நூன்சியோ டாங்கை நிரப்பித் தெருவில் ஒருக்கால் ஓடிக் காட்டினான். கார் பாய்ந்த பாய்ச்சலில் விக்னராஜா வாசற்படிக்குப் பின்வாங்கினார். பழைய எஞ்சினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம். பிறேக் மட்டும் பழைய பிறேக். கட்டை மாற்றியாயிற்று, குழாய் மாற்றியாயிற்று, போதும் என்று நூன்சியோ சத்தியம் பண்ணினான். சத்தியம் பண்ணுகிறவனை விக்னராஜா எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. கிழவிக்கு எண்பது வரப்போகிறது, கண்ணிலும் வெண்புரை வெட்டினவள். அவள் எப்படிப் போனாலும் போகட்டும். பக்கத்தில் இருக்கப் போவது ஞானம்.

சனிக்கிழமை நூன்சியோ சாப்பிடப் போன நேரம் பார்த்து அவர் றப்பர்க் குழாயை டாங்குக்குள் விட்டார். வாயால் உறிஞ்சிப் பெற்றோலைத் தகரக் கானுக்கு இறக்கினார். கைவந்த வேலை. ஊரில் பொருளாதாரத் தடை இருந்த வருசங்களில் கார் ஓடியது மண்ணெண்ணெயில். பெற்றோலை மருந்துபோலப் போத்தலில் வைத்து, ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டு விடுவார்கள். போகிற தூரத்துக்கு மிஞ்சி டாங்கில் விட்டவன், இரவில் களவு போய், விடிய வெறும் டாங்கைத்தான் பார்த்தான். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய்வர இவ்வளவு காணும் என்று மனக்கணக்குப் போட்டு, அவ்வளவை மட்டும் விட்டார். நிறைய இருந்தால் கிழவி பெரிய றோட்டில் ஏறித் தூரத்துத் திராபனிக்கு விட்டாலும் விடுவாள். கொஞ்சப் பெற்றோலும் ஒரு பிறேக்தான். ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா கறுப்புக் கண்ணாடியும் தலையில் பட்டுத்துண்டுமாக, சொண்டுக்குச் சிவப்புப் பூசி வந்து இறங்கினாள். ஞானம்பிகை நல்ல சேலை கட்டி, மேலே கம்பளிச்சட்டை போட்டிருந்தாள். விக்னராஜா நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். நல்ல பழத்தை ஏன் வீணாக்குகிறாய் என்று சிஞ்ஞோரா ஏசினாள்.

"கதவைப் பிடிச்சுக்கொண்டு இரும். வேகம் கூடினால் சொல்லும், நிப்பாட்டச் சொல்லும்."

"பாலர் வகுப்புக்கு விடுறமாதிரிக் கதையாதேங்கோ" என்றாள் ஞானம்பிகை.

பழங்கள் நசிந்தன. கார் புறப்பட்டது. நூன்சியோவின் மூன்றுசில்லு வண்டியில், முழங்கால் நெஞ்சில் முட்ட, விக்னராஜா பின்னால் போனார். ஃபவோரிற்றாப் பூங்கா மரங்களுக்கு நடுவே சிவப்புக் கார் ஓட, ஞானத்தின் சேலைத்தலைப்பு வெளியே பறந்தது. கிழவி நன்றாகத்தான் ஓடினாள். வளைவில் கியரை இறக்கி எடுத்த விதம், ஓடத் தெரிந்தவள் ஓட்டம். அதை அவர் வாயால் சொல்லவில்லை.

கடலுக்கு இறங்குகிற சரிவு தொடங்க முன்னம், கடைசி வளைவில், கார் இரண்டு தரம் இடறியது. பிறகு நின்றது.

நூன்சியோ ஓடிப்போய்ப் பொனட்டைத் திறந்தான். வயர்களை இழுத்துப் பார்த்தான், மூளையைத் தட்டினான், கடைசியில் தன்னைத்தானே ஏசத் தொடங்கினான். சிஞ்ஞோரா இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்ரியறிங்கில், பார்வை முன்னால். மெல்ல ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் விக்னராஜா.

"மகன் சொன்னது சரியாம். தனக்கு இனி உதெல்லாம் தேவையில்லையாம். திரும்பிப் போவமாம்."

விக்னராஜா நூன்சியோவின் தோளைத் தொட்டு, "பென்சீனா" என்றார். பெற்றோல். நூன்சியோ இல்லையென்று தலையை ஆட்டினான், நிரப்பினது தானல்லவா? விக்னராஜா குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறமாதிரிச் செய்து காட்டினார். நூன்சியோ டாங்கைத் தட்டிப் பார்த்தான். வெறுஞ்சத்தம். றோட்டோரக் கல்லில் தொப்பென்று இருந்துவிட்டான்.

"பம்ப் டாங்குக்கு உள்ளை இருக்குதாம்" என்று ஞானம்பிகை அவன் கத்தியதைத் தமிழில் சொன்னாள். "அது பெற்றோலுக்கை தாண்டு கிடக்கோணுமாம். கொஞ்சமா விட்டால் வளைவிலை ஒருபக்கம் ஒதுங்கிப்போம், பம்ப் காத்தைக் குடிக்குமாம், அடியிலை மிச்சம் கிடந்தாலும் எட்டாதாம். இது உங்கடை மண்ணெண்ணெய்க் கார் இல்லையாம்." அப்படியே நிறுத்தி அவரைப் பார்த்தாள். "களவெடுத்தனீங்களோ?"

"களவில்லை. கானுக்கை கிடக்கு."

"பின்னை ஏன்?"

அவர் குனிந்து பொனட்டை மூடினார்.

"ஏனப்பா?"

"நீரெல்லோ அதுக்குள்ளை இருக்கிறீர்" என்றார்.

ஞானம்பிகை கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். சிஞ்ஞோரா அவளின் கையைத் தட்டி, என்ன சொல்கிறான் என்றாள். ஞானம்பிகை சொன்னாள். சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. சிஞ்ஞோரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி விக்னராஜாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேசினாள். ஞானம்பிகை ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள்.

"தன்ரை மனுசனும் பயந்தவராம். உனக்கு ஏதும் நடந்திடுமெண்டு சொல்லிச் சொல்லியே கார்த் திறப்பை ஒளிச்சு வைச்சிட்டாராம். அன்பாலையாம். அவர் செத்தாப்பிறகு அவற்றை மேசைக்குள்ளையிருந்துதான் திறப்பை எடுத்தவவாம்." மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். "நீங்கள் திறப்பைத் தந்துபோட்டுப் பெற்றோலை எடுத்திருக்கிறியளாம். கொஞ்சம் திருந்தின சாதியாம்."

நூன்சியோ சிரித்துவிட்டான். விக்னராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுசி தன் காரைப் பார்த்துக்கொண்டே கிழவியானதை அவர் அப்போதுதான் யோசித்தார்.

ஞாயிறு மத்தியானம், பெற்றோல் செட்டெல்லாம் பூட்டு. மூன்றுசில்லு வண்டியில் இருப்பது எண்ணெய் கலந்த பெற்றோல், அதை ஊற்றினால் புது எஞ்சின் பாழ். கானை எடுக்கச் சீசாவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். பின்னேரம் மகன் வந்துவிடுவான். விக்னராஜா முன்னால் பார்த்தார். தெரு நேராக இறங்கிப்போய்க் கடலில் முடிந்தது. அடியில் வள்ளங்கள், மேசை விரிப்புகள்.

"பிறேக்?" என்று நூன்சியோவிடம் கேட்டார்.

இந்தமுறை நூன்சியோ சத்தியம் பண்ணவில்லை. விரலை நீட்டி விக்னராஜாவின் கையைக் காட்டினான். பிறேக் குழாய் பூட்டியது அந்தக் கைதான். குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியே எடுத்ததும் அதுதான். நூன்சியோவை நம்பாமல் இருக்கலாம். தன் கையை நம்பாமல் எங்கே போவது?

"ஞானம், அவவுக்குச் சொல்லும். பிறேக்கை ஒரேயடியா அமத்தாமல், விட்டு விட்டுப் பிடிக்கட்டாம். நாங்கள் தள்ளுறம்."

சிஞ்ஞோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

தள்ளினார்கள். முதலில் பாரமாக இருந்தது, பிறகு இலேசாயிற்று. நூன்சியோ கையை எடுத்துவிட்டான். விக்னராஜா எடுக்கவில்லை. ஒரு கையைப் பின்மூடியில் வைத்தபடி கூடவே ஓடினார், மூச்சு வாங்க, செருப்பு ஒன்று கழன்று போக. அவர் கைவிட்டதா, காரே போயிற்றா என்று சொல்ல முடியாது. உள்ளங்கை வெறுங்காற்றில் நின்றது.

எஞ்சின் சத்தமில்லாமல் கார் இறங்கியது. டயர் உருளுகிற சத்தமும் கடலும்தான். அதற்கு மேலே இரண்டு பெண்களின் சத்தம், ஒருத்தி இத்தாலியனில், ஒருத்தி தமிழில், இரண்டும் கூக்குரல். பயமா சிரிப்பா என்று அவருக்கு விளங்கவில்லை. சரிவின் அடியில் காரின் பின்பக்கச் சிவப்பு லைற் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கார் வள்ளங்களுக்குப் பக்கத்தில், பூனை படுக்கிறமாதிரி, போய் நின்றது.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர் இறங்கி வந்தபோது சிஞ்ஞோரா கடை வாசலில் மேசை பிடித்து, மீனைப் பற்றிப் பரிமாறுகிறவனோடு சண்டையைத் தொடங்கியிருந்தாள். நூன்சியோ கானை எடுக்கப் போய்விட்டான். ஞானம்பிகை இன்னும் காருக்குள்ளேயே இருந்தாள். முகம் நனைந்திருந்தது.

"ஏறுங்கோ."

"ஏறி? பெற்றோல் இல்லை."

"ஓடச் சொன்னனானே? இருங்கோ."

கதவைத் திறந்து ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இருந்தார். எவ்வளவு காலம் கார் ஓடியும் இவளை அவர் பக்கத்தில் வைத்து ஓடியதில்லை. முன்சீற் வாடகைக்காரருக்கு. கோயிலுக்கோ செத்தவீட்டுக்கோ போனாலும் அவள் பின்னால் பிள்ளைகளோடும் கூடையோடும் நெரிந்து வருவாள். கண்ணாடியில் அவளின் நெற்றிதான் தெரியும். இங்கே தோளோடு தோள் முட்டியது. சின்னக் கார்.

"அவ போனாப்பிறகு நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?" என்றாள்.

"என்னோடை பிடியும்."

"உங்களோடை பிடிக்கேலாது. நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியள். பேசாமல் நம்பாமல் இருப்பியள்."

"இனிச் சொல்லிப்போட்டு நம்பாமல் இருக்கிறன்."

அவள் மூக்கைச் சேலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைவாசலில் இருந்து சிஞ்ஞோரா முள்ளுக்கரண்டியை ஆட்டிக் கத்தினாள்.

"என்னவாம்?"

"எங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லிப்போட்டாவாம். ஆறமுன்னம் வரட்டாம்."

விக்னராஜா இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்தார். முன்கண்ணாடி முழுக்கக் கடல்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்" என்றார்.