கோடை ஆற்றின் கணக்கு

"பாலத்துக்குக் கீழ பாறையெல்லாம் வெளிய தெரியுது. இறங்கி நடந்தா முட்டிகூட நனையாது" என்றார் கணவர், சட்டைப் பொத்தானை மாட்டியபடி. அவர் பேருந்து ஓட்டுநர். ஒரு நாளைக்கு எட்டு முறை அந்த ஆற்றைக் கடப்பவர்.

குழாயடியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பாட்டில் நிரம்பி வழிந்தது. மூடத் தோன்றவில்லை.

"ஏங்க, ஓட்டமே இல்லையா?"

"ஓட்டமா? நகருதுன்னு சொல்லு. ஏன் உன் முகம் இப்படி ஆயிடுச்சு?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆற்றில் விடப்படும் கழிவு எவ்வளவு வேகத்தில் போகும், எங்கே போய் நீர்த்துப்போகும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. ஆழம், வேகம், வெப்பம் எல்லாவற்றையும் சமன்பாடுகளில் கொடுத்தால் விடை வரும். இரண்டு தசமம் வரை பார்க்காமல் எந்த எண்ணையும் விடமாட்டாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'தசமம்' என்றே பெயர்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஓர் உர ஆலைக்காக அறிக்கை தயாரித்தாள். ஆலைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கீழே, நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் நிலையம் இருந்தது. கோடை ஓட்டத்தை வைத்துப் பார்த்தபோது, அங்கே அமோனியா அளவு வரம்பைப்போல மூன்று மடங்கு வந்தது. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோடையை ஏம்மா போடறே? வருஷ சராசரியைப் போடு. சராசரியும் உண்மைதானே? நாம ஒண்ணும் பொய் சொல்லலையே."

"சார், கோடையில தண்ணி குறைஞ்சா..."

"குறைஞ்சா பாத்துக்கலாம். வியாழக்கிழமை அறிக்கை போயாகணும்."

அவள் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். திரையில் சிவப்புக் கோடு பச்சையானது. எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மழைக்காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை, அவளும் மறந்துபோனாள்.

இன்று அலுவலகம் வந்ததும் நின்றபடியே கணினியைத் திறந்தாள். முந்தைய நாள், மாதத்தின் முதல் திங்கள்கிழமை. ஆலை மாதம் ஒரு முறை தன் கழிவுத் தொட்டியை ஆற்றில் திறந்துவிட அவளுடைய அறிக்கையே குறித்துக் கொடுத்த நாள். காலை எட்டு மணிக்குத் திறந்திருப்பார்கள். இன்றைய ஓட்டத்தைக் கொடுத்தாள். விடை வந்தது: கழிவு குடிநீர் நிலையத்தை அடையும் நேரம், இன்று பதினொரு மணி. இப்போது ஒன்பது இருபது.

மேலாளர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "அதுல உன் கையெழுத்தும் இருக்கும்மா. வாயைத் திறந்தா முதல்ல மாட்டுறது நீதான். போய் வேலையைப் பாரு."

அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள். குடிநீர் நிலையத்துக்கு மூன்று முறை அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. நான்காவது முறை முயலாமல் படியிறங்கி ஓடி, வாடகைக் கார் பிடித்தாள்.

பம்ப் அறையில் இருந்தது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்; இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். வந்தவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், சுவரில் ஒட்டியிருந்த அறிக்கைத் தாளைக் காட்டினார்.

"மேடம், எல்லாம் சரியா இருக்குன்னு இதுல போட்டிருக்கே?"

"அது நான் போட்டதுதான் அக்கா. தப்பு. தெரிஞ்சேதான் போட்டேன்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மோட்டாரை நிறுத்தினா ஊரே எம்மேல பாயும். ஆஸ்பத்திரிக்கும் இங்கிருந்துதான் போகுது."

"அதனாலதான் சொல்றேன். நிறுத்துங்க."

மேல்தொட்டியில் எட்டு மணி நேரத்துக்குத் தண்ணீர் இருந்தது. அவர் அதிகாரியிடம் போனில் ஏதோ வாதாடினார். பிறகு வரிசையாகப் பொத்தான்களை அழுத்தினார். இரைச்சல் அடங்கியது.

இருவரும் ஆற்றோரம் இறங்கி, கால்மணிக்கு ஒரு முறை தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். அமோனியா இருந்தால் சோதனைக் குழாய்க்குள் விடும் மஞ்சள் மருந்து பச்சையாகும். பதினொன்றுக்கு வெளிறிய மஞ்சள். பதினொன்றரைக்கும் அதே மஞ்சள். மேலே தொலைபேசி விடாமல் அடித்தது. தன் கணக்கு பொய்த்துவிடக் கூடாதா என்று ஒரு நிமிடமும், பொய்த்துவிட்டால் என்ன ஆவோம் என்று மறு நிமிடமும் அவள் தவித்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு மஞ்சள் மங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையானது.

அந்த அம்மாள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மோட்டாரை நிறுத்தலேன்னா பாதி ஊரு இதைக் குடிச்சிருக்கும்" என்றார். குழாயைக் கீழே வைத்துவிட்டு, "ஆலைக்காரன் குழாய் வழியாக் கலந்தான். நீங்க பேனாவால கலந்தீங்க மேடம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

கழிவு கடந்துபோக மாலையானது. அன்று குழாய்களில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. ஊர் வாய்க்கு வந்தபடி திட்டியது. யாரும் நோயில் விழவில்லை.

பத்து நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். ஆலையின் தொட்டியை அடைத்துவிட்டிருந்தார்கள். மேலாளரையும் அவளையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். மேலாளர், அது வெறும் கணக்குப் பிழை என்றார். "நீங்களும் அப்படிச் சொல்லிடுங்களேன்" என்று அலுவலக வக்கீல் அவளிடம் கிசுகிசுத்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"பிழை இல்ல சார். தெரிஞ்சே மாத்தினேன். சராசரி ஆறுன்னு ஒண்ணு எங்கேயும் ஓடல. ஜனங்க குடிக்கிறது அன்னன்னிக்கு ஓடற ஆத்துத் தண்ணி. மேலதிகாரி முகத்தைப் பாத்துக் கணக்குப் போட்டா, அந்தத் தண்ணில விஷம் கலக்கிறது நாமதான். படிச்சவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அதைக் குடிக்கப்போறவங்களை நினைச்சுப் பாக்கணும். நான் அன்னிக்கு நினைக்கல. அதுக்கு என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்."