மோட்டார் வராத வழி

ஆந்துவான் காரைக்கால்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து, ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டையைப் பார்த்துவிட்டு வந்தவர். கைகால் முழுசாகத் திரும்பின. காது மட்டும் வருஷத்துக்கு வருஷம் மந்தமாகிக்கொண்டே போய், சைகோன் துறைமுகத்தில் சுங்க இலாகா வேலையில் அமர்ந்து தலை நரைக்கத் தொடங்கியபோது அறவே கேட்காமல் போயிற்று. மனைவி சூசனைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் எதிராளியின் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். பிடிபடாதபோது "வுய், முசியே", அதாவது ஆமாம் ஐயா, என்று சொல்லி வைப்பார். பெரும்பாலும் அது பொருந்திவிடும்.

அவர் தினமும் வேலைக்குப் போனது சைக்கிளில். பிரெஞ்சுப் பழக்கத்தில் அதை 'வெலோ' என்றுதான் சொல்வார். ஒரு நாள் காலை, கான் ஹொய் பாலத்தில் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்த மோட்டார் ஒன்று அவரைத் தட்டிவிட்டுப் போயிற்று. முழங்கையும் முட்டியும் தேய்ந்து வீடு வந்தார். சூசன் காயத்துக்கு மருந்து போட்டாள். பிறகு வாசலுக்குப் போய் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அடி பட்டதைக் கேள்விப்பட்டு வள்ளியப்பன் பார்க்க வந்தார். பென்-தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் அவர் ஏஜெண்டு. மாரியம்மன் கோயிலுக்கு ஊரிலிருந்து வந்த விளக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுக்கப் போன இடத்தில் ஆந்துவானோடு பழக்கமாயிற்று. அவரும் சைக்கிள் பிரியர். ஆந்துவானுக்கு இடது காது கொஞ்சம் மந்தம் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும்.

"சோலோன் அரிசி ஆலையெல்லாம் தாண்டினா, வாய்க்கா ஓரமா ஒரு சரளைப் பாதை போகுது, அம்மா," என்றார் சூசனிடம். "மோட்டார் அங்க எறங்கவே முடியாது. ஞாயித்துக்கெழமை நான் கூட்டிட்டுப் போறேன்."

சூசன் யோசித்தாள். "நீங்க முன்னால போவீங்களா, பின்னாலயா?"

"பின்னால வந்து பாத்துக்கிறேன்."

"வேணாம். நீங்க முன்னால போங்க. அவரு ஒங்களப் பாத்துக்கிட்டே வரட்டும்."

ஏன் என்று வள்ளியப்பன் கேட்கவில்லை. சக்கரம் கட்டிலடியிலிருந்து வெளியே வந்தது.

அதிலிருந்து ஞாயிறுதோறும், ஆந்துவான் காலைப் பூசை முடிந்து வந்ததும் இருவரும் கிளம்பினார்கள். வாய்க்காலின் ஒரு பக்கம் நெல் ஏற்றிய படகுகள். மறுபக்கம் தென்னையும் வாத்துக் கூட்டமும். பாதை ஒரு ஆள் அகலம்தான். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், அதனால் பேச்சுக்கு இடமில்லை. அதுதான் ஆந்துவானுக்குப் பிடித்தது. வாரம் முழுவதும் மற்றவர் வாயைப் பார்த்துப் பார்த்து அவர் கண் வலித்துக் கிடக்கும். இங்கே யாரும் அவரிடம் பதில் எதிர்பார்க்கவில்லை. டயருக்கு அடியில் சரளை நெரிவதைக் கைப்பிடி வழியாக உள்ளங்கையில் உணர்ந்துகொண்டு போவார்.

மழைக்காலம் முடிந்து பாதைகள் காய்ந்ததும் வள்ளியப்பனுக்கு மலை ஆசை வந்தது. பியன் ஹோவாவைத் தாண்டி, ஒரு மரக் கம்பெனி கைவிட்டுப்போன பாதை காட்டுக் குன்றுகளுக்குள் ஏறி இறங்குவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பாதை செம்மண்ணும் சரளையுமாக இருந்தது. இருபுறமும் உயர்ந்த மரங்கள். ஏற்றத்தில் வள்ளியப்பனுக்கு மூச்சு வாங்கியது. பட்டாளத்துக்காரரின் கால்கள் இன்னும் திடமாக இருந்தன. "நீங்க போங்க, நான் மெதுவா வாறேன்," என்று வள்ளியப்பன் கையைக் காட்டினார். ஆந்துவான் தயங்கினார். வழி வெறிச்சோடிக் கிடந்தது, மோட்டாரும் இல்லை. முன்னால் போனார்.

உச்சி தாண்டிய இறக்கத்தில் வள்ளியப்பனின் சக்கரம் சரளையில் வழுக்கியது. பாதை ஓரத்தில் தோள்பட்டை முதலில் தரையில் படும்படி விழுந்தார். எலும்பு முறிந்தது அவருக்கே தெரிந்தது. எழ முடியவில்லை. பாதை அங்கே வளைந்து திரும்பி, அவர் கிடந்த இடத்துக்கு நேர் கீழே மறுபடி ஓடியது. ஆந்துவானின் வெள்ளைத் தொப்பி மரங்களுக்கிடையில் அந்த வளைவில் வருவதைப் பார்த்தார்.

"ஆந்துவான், நில்லுங்க! நான் விழுந்திட்டேன்!"

கல்லெறியும் தூரம்கூட இல்லை. தொப்பி திரும்பவில்லை, அதே வேகத்தில் போய் மறைந்தது. வள்ளியப்பன் தொண்டை வறளும்வரை கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வலது காதுதான் கேட்குமே, வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போகிறான் என்று தோன்றியது. ஏன் என்றுதான் விளங்கவில்லை. வலியில் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

ஆந்துவான் கீழே ஓடையில் முகம் கழுவி, வெற்றிலை போட்டு, நண்பருக்காகக் காத்திருந்தார். நேரம் போகப் போக மனம் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி மேலே ஏறினார். வள்ளியப்பனைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

வள்ளியப்பன் முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே பேசினார். நீ மனுஷன்தானா என்றார். உன்னைப் போல ஒருத்தனோடு இந்தக் காட்டுக்கு வந்தேனே என்றார். ஆந்துவான் ஒன்றும் சொல்லாமல் தன் சட்டையைக் கழற்றிக் கிழித்து, கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். அந்த மௌனம் வள்ளியப்பனின் கோபத்தை இன்னும் கிளறியது. தோள் அசைவதைக் கண்டபோதுதான், அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஆந்துவானுக்குப் புரிந்தது.

"எம் மொகத்தப் பாத்துப் பேசுங்க," என்றார். "எனக்கு ரெண்டு காதும் கேக்காது. கொஞ்சங்கூட."

வள்ளியப்பன் திரும்பினார். அவர் பார்க்கும்படி கேட்டார்.

"ஆபீஸில தெரியுமா?"

"தெரியாது."

"தலைக்கு மேல கிரேன்ல மூட்டை தொங்குற எடத்திலயா இப்பிடி நடமாடுறீக?"

ஆந்துவான் கட்டின் முடிச்சைச் சரிபார்த்தார். இந்த முறை கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

வள்ளியப்பனை எழுப்பித் தன் சைக்கிளில் உட்கார வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளியே இறக்கினார். வள்ளியப்பனின் வண்டி காட்டிலேயே கிடந்தது. அடிவாரத்தில் கரி ஏற்றிவந்த உள்ளூர் அன்னாமியர் ஒருவர் தன் மாட்டு வண்டியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ரயில் நிலையம் போய்ச் சேரும்போது இருவர் உடம்பிலும் கரி அப்பியிருந்தது. வழியில் வள்ளியப்பன் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நல்ல கையால் ஆந்துவானின் முழங்காலைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

அந்த வாரமே ஆந்துவான் தன் மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னார். வேலை போகவில்லை. துறைமுக மேடையிலிருந்து எடுத்து, உள்ளே முத்திரை குத்தும் அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே சீருடை கிடையாது. வாசலில் யாரும் சலாம் வைப்பதில்லை. சில நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார். பிறகு பழகிப்போயிற்று.

வள்ளியப்பனின் எலும்பு கூடியது, கொஞ்சம் கோணலாக. ஏஜெண்டு தவணை முடிந்து, அடுத்த கப்பலில் ஊருக்குப் புறப்பட்டார். கப்பல் மேடையில் சூசனிடம், "முன்னால போங்கன்னு சொன்னீகளே, அன்னிக்கே காரணத்தையும் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருக்கணும்," என்றாள் சூசன்.

ஆந்துவான் தனியாக வாய்க்கால் பக்கம் போக அவள் விடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. சில மாதம் கழித்து, சோலோனில் பழைய வண்டி விற்கும் சீனரிடமிருந்து பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றை அவளே வாங்கி வந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் பழகினாள். இரண்டு தடவை சேலை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

அடுத்த கோடையில் இருவரும் பியன் ஹோவா ரயிலில் போய், அதே காட்டுப் பாதையில் ஏறினார்கள். செங்குத்தான இடங்களில் சூசன் இறங்கித் தள்ளினாள். சமமான இடங்களில் முன்னால் ஓட்டினாள். வளைவு வரும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினாள். ஆந்துவான் அவள் முதுகைப் பார்த்தபடி வந்தார். அவள் தலை அசைந்துகொண்டே இருந்தது. தோளும் கூடவே ஏறி இறங்கியது.

ஓடைக்கரையில் நிறுத்தியதும் கேட்டார். "வழி பூரா என்னமோ சொல்லிக்கிட்டே வந்தியே, என்ன?"

சூசன் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். "சொல்லல. பாடிக்கிட்டு வந்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"யாரு கண்டா," என்றாள் அவள். தண்ணீர்ப் போத்தலை ஓடையில் நிரப்பி அவரிடம் நீட்டினாள்.