தூக்கு, விடு

லோர்னா கணவனின் காலில் மேஸ் சோடியில் ஒன்றை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். விறைத்த பாதம் இடம் கொடுக்கவில்லை. "விரல மடக்குங்க மொறிஸ்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு அப்படியே நின்றுபோனாள்.

மகள் ஜனின் சவப்பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து டடாவைக் கொண்டுவந்த நேரத்திலிருந்து அறை வாசலிலேயே நின்றாள். மூன்று மணிக்குப் பாதர் வருவார், பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் மம்மாவிடம் அவள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரும் மெசினைத்தான் திட்டினார்கள். சோளம் விதைக்கிற அந்த மெசினை மொறிஸ் உடைசலாக வாங்கித் தானே ஒட்டிச் சரிசெய்தவர். அதை டிரக்டரின் பின்னால் பூட்டி, கிரான் ஊர்ப் பக்கம் காணி காணியாக விதைத்துக் கொடுப்பார். ரோட்டில் கொண்டுபோகும்போது இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டி, மாட்டுவண்டி வேகத்தில்தான் போவார். பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவான். "மொறிஸ்ட சப்பறம் வருகுது" என்று சந்தியில் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். தூக்கி நிற்கும் மெசினுக்குக் கீழே முட்டுக்கட்டை வைக்காமல் குனிகிறவனைக் கண்டால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. காணிக்காரன் என்றும் பாராமல் ஏசிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் நேற்று, ஒரேயொரு நாள், கட்டை வைக்காமல் கீழே படுத்தார். விதை விழும் குழாயில் சேறு அடைத்திருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, இன்னும் இரண்டு வரிசைதான் மிச்சம். "ஊருக்குத்தான் உபதேசம்" என்று முற்றத்தில் யாரோ முணுமுணுத்தது ஜனினுக்கும் கேட்டது.

"மெசின் தானா இறங்கிட்டு தங்கச்சி. ஒயில் லீக்காகி இரிக்கும்" என்று காணிக்காரர் சாலிஹ் பொலிசுக்கும் சொன்னார், லோர்னாவுக்கும் சொன்னார். வரம்பில் நின்று எல்லாவற்றையும் கண்டவர் அவர். ஜனினைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனிதர். அந்தப் பொய் அவளைக் காப்பாற்றியது, மூச்சு எடுக்கத்தான் விடவில்லை.

லோர்னா திரும்பாமலே கேட்டாள்.

"கடைசியா ஏதும் சொன்னாராடி? நீதானே கிட்ட நிண்ட."

நேற்றிலிருந்து எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் இல்லை என்றுதான் தலையாட்டினாள்.

"சொன்னாரு மம்மா."

"என்னெண்டு?"

"'விடு'ண்டாரு."

லோர்னாவுக்கு விளங்கவில்லை. டடாவுக்கு முதுகு வலி வந்ததிலிருந்து டிரக்டர் ஓட்டியது ஜனின்தான். மெசினை உயர்த்த 'தூக்கு', இறக்க 'விடு'. எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் போதுமாக இருந்தது.

"கட்டை வைக்கல்லையே டடா, நான் இறங்கி வந்து வைக்கட்டா எண்டு கத்தின நான். 'விடு, விடு'ண்டாரு. வெளியில வந்துட்டாரு, மெசின இறக்கத்தான் சொல்றாரெண்டு நினைச்சிட்டன். விதைப்பெட்டி மறைச்சிட்டு. எட்டிப் பாக்கல்ல மம்மா. நான்தான் லீவர…"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டைய விடு, வேணாமெண்டுதான் சொல்லியிரிக்காரு" என்றாள் ஜனின்.

லோர்னாவின் கையில் மற்ற மேஸ் இருந்தது. அதை மடியில் வைத்து நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள். வெளியே ஆட்கள் உட்காரக் கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அடித்துவிட்டால் நல்லது என்று ஜனினுக்கு இருந்தது. செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வாள்.

"கோவமாவா சொன்னாரு?"

"இல்ல. சிரிச்சிட்டுத்தான்."

"ம்."

லோர்னா இரண்டாவது காலுக்கும் மேஸைப் போட்டு, குதியில் சுருக்கம் எடுத்துவிட்டாள். அலுமாரியிலிருந்து நீல டையை எடுத்து வந்தாள்.

"இஞ்ச வா."

ஜனின் அசையவில்லை.

"வா மகள். டை கட்டோணும். எனக்கு ஒரு கையால ஏலாது. தலையப் புடி."

ஜனின் வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் டடாவின் பிடரிக்குக் கீழே கொடுத்தாள். தலை குளிர்ந்திருந்தது, நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. முடிக்குள் வயல் மண் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருந்தது.

"பாதர் வந்துட்டாரு" என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

லோர்னா ஓமென்று தலையாட்டினாள். முடிச்சு சரியாகத்தான் விழுந்திருந்தது. அதை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.