மலாயாப் பட்டு

வாய்க்கரிசிப் பெட்டியைப் பந்தலுக்குள் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், தகப்பனின் கால்மாட்டில் இஸ்ஸதீன் நானா கல்லாய் நிற்பதை விமலேஸ்வரி கண்டாள். முல்லைத்தீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஐயாவின் நெல்லை வருடக்கணக்காய் வாங்கிய முஸ்லிம் யாவாரி. சண்டை பிடிக்காமல் ஒரு மூட்டை கைமாறியதில்லை. சண்டை முடிந்து தேத்தண்ணி குடிக்காமல் அவர் போனதுமில்லை. அழுவார் என்று நினைத்தாள். அவர் ஐயாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போர்த்தியிருந்த பட்டையே பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு விறுக்கென்று திரும்பித் தெருப் படலைக்கு நடந்தார்.

அந்தப் பட்டு ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்தது. ரயில்வேயில் கிளாக்கராக இருந்தபோது கிள்ளானில் ஒரு கடையில் வாங்கினாராம். கரும்பச்சைத் துணியில் தங்க இழைக்கொடி பின்னிப் பின்னி ஓடும். யாழ்ப்பாணத்தில் விமலேஸ்வரியின் கலியாணத்துக்கு மணவறை மேல்கட்டி அதுதான். பென்சனோடு ஒட்டுசுட்டான் பக்கம் காடு வெட்டி வயல் செய்ய வந்தபோதும் அது அலுமாரிக்குள் கூடவே வந்தது. முந்தநாள், மூச்சு இழுக்கிற நேரத்திலும், "என்னைக் கொண்டுபோகேக்கை உந்தப் பட்டாலை போர்த்திவிடு பிள்ளை" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். அவளும் ஓம் என்றாள்.

படலையடியில் ஓடிப்போய் மறித்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"முகத்தையும் பாராமல் போறியளே நானா? ஐயா உங்களுக்கு என்ன குறை வைச்சவர்?"

இஸ்ஸதீன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "ஒண்டுமில்லை புள்ள. நீங்க காரியத்தைப் பாருங்கோ."

"சொல்லிப்போட்டுப் போங்கோ."

"அதில ஓடுறது கொடியில்லை புள்ள. அரபெழுத்து. கலிமா. அல்லாஹ்ட பேர். எங்கட ஆக்களும் மையத்துப் பெட்டியைக் கொண்டுபோகக்குள்ள இப்பிடி ஒண்டுதான் போர்த்துவம். அடக்க முதல் எடுத்திடுவம். நீங்க எரிக்கப் போறியள். தெரியாமச் செய்தது, எனக்கு விளங்குது. எடுக்கச் சொல்லி நான் வரேல்லை. எரியிறதை நிண்டு பாக்க ஏலாது, அவ்வளவுதான்."

அவள் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயரின் கீழ் இருந்துதான் அவள் கழுத்தில் தாலி ஏறியது. இப்போது அதன் நுனி ஐயாவின் பாதத்துக்கு அடியில் மடிந்து கிடந்தது. பறை உரத்துக்கொண்டிருந்தது. வாய்க்கரிசி போட்டதும் தூக்கிவிடுவார்கள். பெண்கள் படலை தாண்டிச் சுடலைக்குப் போவதில்லை. பாடை வெளியே போனால் பிறகு அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

"நிண்டுகொள்ளுங்கோ" என்றுவிட்டுப் பந்தலுக்கு ஓடினாள்.

ஐயாவின் தம்பி பரமலிங்கம் செத்தவீடென்றால் மாப்பிள்ளைத்தோழன் மாதிரி முன்னுக்கு நிற்பார். இது ஆண்பிள்ளை இல்லாத வீடு. அவளுடைய புருஷனுக்குக் கொழும்புக்குத் தந்தி அடித்தும் ஆள் வந்துசேரவில்லை. கொள்ளி வைக்கப்போகிறவர் சின்னையாதான். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது.

"பிரேதத்துக்குப் போர்த்தினதை உரியிறதோ? உனக்கென்ன விசரே? அண்ணன் கடைசியாக் கேட்டது உது ஒண்டுதான்."

"அதிலை சாமி பேர் எழுதிக்கிடக்கு சின்னையா."

"ஆற்றை சாமி? சோனகர் வந்து எங்கடை செத்தவீட்டிலை சட்டம் சொல்லுறதோ?"

"அவர் ஒண்டும் கேக்கேல்லை. நான்தான் கேக்கிறன்."

"அப்ப கொள்ளியையும் அவரைக்கொண்டே வைப்பி!"

பறை நின்றுவிட்டது. பாடையைச் சுற்றி நின்ற ஆண்கள் படலைப் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேர் சால்வையை இடுப்பில் இறுக்கினார்கள். கொடுத்த வாக்கை ஐயா எரிந்து முடிய முன்னமே மீறுகிறேனே என்று நினைத்தாள். ஆனாலும் பட்டின் ஒரு நுனியைப் பிடித்தாள். சின்னையா மற்ற நுனியைப் பிடித்தார். யார் இழுத்தாலும் கிழியும்.

"விடு தம்பி."

அம்மா வாசலில் நின்றாள். விடிந்ததிலிருந்து வாய் திறக்காத அன்னபாக்கியம். கையில் அவளுடைய கலியாணக் கூறைச்சேலை.

"அவர் ஆசைப்பட்டது வடிவா ஒண்டு போர்த்தச் சொல்லி. இதுவும் வடிவுதான்."

"மச்சாள், அது உங்கடை கூறை."

"இனி அதை ஆர் உடுக்கிறது?"

சின்னையாவின் கை தளர்ந்தது. அம்மா கூறையை விரித்துக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினாள். அதற்குக் கீழாலே விமலேஸ்வரி பட்டை மெல்ல உருவி எடுத்தாள். வாய்க்கரிசி போட்டார்கள், தூக்கினார்கள், பறை மறுபடி தொடங்கியது.

படலையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒதுங்கி நின்ற இஸ்ஸதீனிடம் அவள் பட்டை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஐயான்ரை திருநீறு கொட்டுப்பட்டுக் கிடக்கு நானா. தாங்கோ, உதறிப்போட்டுத் தாறன்."

அவர் பட்டை விரித்துப் பார்த்தார். தங்க எழுத்துகளின் இடுக்கெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"வேண்டாம் புள்ள."

திருநீறு சிந்தாமல் உள்ளுக்கு வைத்து நாலாய் மடித்தார். அதை மார்போடு பிடித்துக்கொண்டு, பாடைக்குப் பின்னால் போன ஆட்களோடு சுடலைப் பக்கம் நடந்தார்.