மெத்தை அறை முணுமுணுப்பு

மின்விசிறி செய்கிற கம்பெனி அது. தம்பி முதலாளி, அக்கா ஆராய்ச்சிக்குப் பொறுப்பு. ஆராய்ச்சி என்றதும் மிரண்டு போகாதீர்கள் கண்ணுகளா, ஓர் அறை, அவ்வளவுதான். சுவரெல்லாம் தடித்த பஞ்சு மெத்தை. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் துளியும் வராது. உள்ளே அக்காவும் அவள் ஆட்களும் சுற்றுகிற விசிறியில் எங்கே கிர்ரென்கிறது என்று காதால் தேடுவார்கள். சத்தமே போடாத விசிறி ஒன்று செய்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. முக்கால்வாசி நெருங்கியும் விட்டாள்.

அப்போதுதான் கம்பெனியின் பங்குகளைச் சந்தையில் விற்கத் தம்பி முடிவு செய்தான். அதற்கென்று வந்த ஆலோசகருக்கு லாபத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

"ஆராய்ச்சிச் செலவை நிறுத்துங்க சார். லாபம் கும்முனு தெரியும், பங்கு நல்ல விலைக்குப் போகும். அந்த ரூமை மீட்டிங் ரூமாக்கிடலாம்."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு அக்காவிடம் போனான்.

"ஒரே வருஷம்தான்க்கா. அப்புறம் திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்."

"அதுவரைக்கும் என் ஆளுங்க வாயில விரலை வெச்சுட்டு உக்காந்திருப்பாங்களாடா? வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க."

"அவரு சொல்றாரே..."

"பங்கு வித்ததும் அவரு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு. இங்க கெடக்கப்போறது நீயும் நானும்."

தம்பி மெல்ல நழுவினான்.

பெரிய தொகை போடுவதாக இருந்த நிதி நிறுவனத்திலிருந்து இரண்டு பெண்மணிகள் பார்வையிட வந்தார்கள். ஆலோசகர் எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் மெத்தை அறைக்குக் கூட்டி வந்தார். தம்பியும் அக்காவும் கூடவே.

"இந்த ஆராய்ச்சி ரூம்தான் மீட்டிங் ரூமா மாறப்போகுது" என்று கதவைச் சாத்தினார்.

நிசப்தம். அதில் ஆலோசகரின் வயிறு கடமுடவென்று உருண்டது.

"காலையில ஒண்ணும் சாப்பிடலையா சார்?" என்றாள் அக்கா, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

பெண்மணிகள் இருவரும் மூலையில் நின்று, மற்ற இடங்களில் செய்வதுபோலவே கிசுகிசுத்தார்கள். அந்த அறையில் கிசுகிசுப்பும் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாதே!

"லாபத்தை ஊதிக் காட்ட ஆராய்ச்சியை மூடறாங்க போல."

"இந்த மாதிரி எத்தனை பாத்தாச்சு! முதல் வருஷம் ஜோரா இருக்கும். அப்புறம் விக்கிறதுக்குப் புதுசா ஒண்ணும் இருக்காது. நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு நழுவிடலாம்."

ஒவ்வொரு எழுத்தும் எல்லார் காதிலும் விழுந்தது. திரும்பிப் பார்த்த பெண்மணிகளில் மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தம்பி தொண்டையைச் செருமினான். அங்கே அது லாரி கிளம்பியதுபோல் கேட்டது.

"ரூமை மூடல மேடம். லாபம் கம்மியாத்தான் தெரியும். பங்கையும் கம்மி விலைக்கே குடுக்கறோம்."

ஆலோசகரின் வயிறு மறுபடி முனகியது. அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்மணிகள் பணம் போட்டார்கள். ஆனாலும் சந்தைக்கு வந்த முதல் நாளே பங்கு சரிந்தது. "உங்க பங்கு அசந்து தூங்குதாமே, மெதுவாப் பேசுங்க" என்று தம்பியின் மனைவி கிண்டலடித்தாள். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்.

அடுத்த கோடைக்குள் சத்தமில்லாத விசிறி கடைக்கு வந்தது. ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு ஜனங்கள் கையை நீட்டிப் பார்த்தார்கள். கெட்டுப்போன விசிறி என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் உண்டு! அப்புறம் விற்பனை பிய்த்துக்கொண்டு போக, பங்கும் சோம்பல் முறித்து எழுந்தது.

இப்போது பெரிய பங்குதாரர்கள் யார் வந்தாலும் தம்பி அந்த அறையில்தான் உட்கார வைக்கிறான். மனசில் இருப்பது காதில் விழ வேண்டுமாம். அக்கா மட்டும் வாசலிலேயே வழிமறித்துவிடுவாள்.

"முதல்ல வயித்துக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வாங்க!"